நவ்ரூஸ் சமையலும் முஸ்லிம்களும்: ஒரு வரலாற்றுப் பார்வை

இமாம் அபூ ஹனீபாவின் பாட்டனாரைப் பற்றி ஒரு சிறு செய்தி உண்டு. கதீப் அல்பக்தாதி தமது ‘தாரீக் பக்தாத்’ நூலில் அதைப் பதிந்திருக்கிறார். பாரசீக வம்சத்தவரான அந்தப் பாட்டனார் ஒரு நவ்ரூஸ் நாளில் கலீபா அலி (ரழி) அவர்களுக்கு ஒரு தட்டுப் பாலூதஜ் கொடுத்தார். அதைப் பெற்றுக்கொண்ட அலி (ரழி), எங்களுக்கு எல்லா நாளும் நவ்ரூஸ்தான் என்ற கருத்தில் ஒரு வார்த்தை சொன்னார்கள். அந்த நாள் நவ்ரூஸ் அல்ல, மிஹ்ரஜான் என்று சொல்வோரும் உள்ளனர். தட்டில் இருந்தது பாலூதஜ் என்பதில் மாற்றமில்லை.

இந்த ஒரு வார்த்தையை இரண்டு விதமாக விளங்கியிருக்கிறார்கள். நெருப்பு வணங்கிகளின் பெருநாளுக்குத் தனிச் சிறப்புக் கொடுக்க விரும்பாமல்தான் அலி (ரழி) அப்படிச் சொன்னார்கள் என்பது ஒரு விளக்கம். இதே போன்ற ஓர் அறிவிப்பை எடுத்துக்கொண்டு இமாம் பைஹகீ இந்தப் பக்கம் நிற்கிறார். கொண்டுவந்தவரின் மனம் நோகாமல் தட்டை வாங்கி, இனிய சொல்லும் சொல்லி அனுப்பினார்கள் என்பது மற்ற விளக்கம். ஒன்று மட்டும் தெளிவு. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே நம்மவர் முன்னால் இந்தக் கேள்வி ஒரு தட்டில் வந்து நின்றிருக்கிறது. ஒரு சமூகம் மார்க்கம் மாறும்போது, அதன் பழைய பெருநாளின் சாப்பாட்டுக்கு என்ன நடக்கிறது?

பத்வாச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நான் தமிழ் படித்தவள், வகுப்பறையில் தமிழ் சொல்லிக் கொடுப்பவள். சொற்களின் வழியாகவும் சட்டி பானைகளின் வழியாகவும் இந்த வரலாற்றைப் பார்க்கலாமே என்பதுதான் இக்கட்டுரையின் முயற்சி.

முதலில் அந்தத் தட்டில் இருந்தது என்ன? கோதுமை மாப்பொருள், தேன் அல்லது சீனி, நெய் அல்லது எள்ளெண்ணெய் சேர்த்து, குங்குமப்பூ நிறமூட்டி, அடுப்பில் விடாமல் கிளறி எடுக்கும் இனிப்புத்தான் பாலூதஜ். நமது பெண்கள் மஸ்கத் கிளறுவதை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலில் இதற்குப் பல செய்முறைகள் உள்ளன. ‘பாலூதா’ என்ற பாரசீகச் சொல் அரபுக்குப் போய்ப் பாலூதஜ் ஆனது. அதே சொல் கிழக்கே வந்து, நோன்பு காலத்தில் நாம் கிளாஸில் ஊற்றிக் குடிக்கும் பலூடா ஆனது. பண்டம் மாறிவிட்டது, பெயர் நிலைத்துவிட்டது. அலி (ரழி) அவர்களின் முன்னால் வைக்கப்பட்ட தட்டின் பெயரை நாம் அறியாமலே இன்றும் உச்சரித்துக்கொண்டிருக்கிறோம்.

நவ்ரூஸ் என்றால் ‘புது நாள்’. சூரியன் நிலநடுக்கோட்டைக் கடந்து வடக்கே ஏறும் நாள், அதாவது மார்ச் 20 அல்லது 21. பகலும் இரவும் சமமாகி, குளிர் முடிந்து, வசந்தம் தொடங்குகிறது. இஸ்லாத்துக்கு முன் ஈரானை ஆண்ட ஸாஸானிய மன்னர்களின் அரசவைப் பெருநாள் இது. ஸரதுஷ்டிரரின் மார்க்கத்தைப் பின்பற்றியவர்களுக்குப் புனித நாள். ஈரான், ஆப்கானிஸ்தான், தஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தான், கஸகஸ்தான், கிர்கிஸ்தான், அஸர்பைஜான் ஆகிய நாடுகளின் முஸ்லிம்களும் குர்திய மக்களும் இதை இன்றும் கொண்டாடுகிறார்கள். 2009இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 2010இல் ஐக்கிய நாடுகள் சபை மார்ச் 21ஐச் சர்வதேச நவ்ரூஸ் நாளாக அங்கீகரித்தது.

இந்தப் பெருநாளின் சமையலைப் பார்த்தால், அது முழுக்க முழுக்கப் பருவத்தின் சமையல் என்பது விளங்கும். கஸக் மக்களின் ‘நவ்ரிஸ் கோஜே’ என்ற கஞ்சியில் ஏழு பொருட்கள் சேர வேண்டும்: தண்ணீர், இறைச்சி, உப்பு, கொழுப்பு, மா, தானியம், பால். குளிர்காலத்துக்கென்று பதப்படுத்தி வைத்த இறைச்சியின் கடைசித் துண்டும், குட்டி போட்ட கால்நடையின் புதுப் பாலும் அந்தப் பானையில் சந்திக்கின்றன. போன பருவத்தின் முடிவும் வரும் பருவத்தின் தொடக்கமும் ஒரே கோப்பையில். ஆப்கானியர் முந்திரிவற்றல், உலர்ந்த பாதாமி, பாதாம், பிஸ்தா, அக்ரூட் போன்ற ஏழு உலர் கனிகளையும் பருப்புகளையும் தண்ணீரில் ஊறவைத்து ‘ஹப்த் மேவா’ செய்கிறார்கள். மார்ச் மாதத்தில் மரங்கள் பூத்திருக்கும், பழம் இராது. அதனால் போன வருடத்துப் பழத்துக்குத் தண்ணீர் ஊற்றி உயிர் கொடுக்கிறார்கள். ஈரானியர் மண்ணிலிருந்து முதலில் தலைகாட்டும் பச்சை இலைகளை அரிந்து சோற்றில் கலந்து, மீனோடு சாப்பிடுகிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் தலையாய பண்டம், ஈரானில் ஸமனூ, ஆப்கானிஸ்தானில் ஸமனக், உஸ்பெகிஸ்தானில் சுமலக் என்று பெயர் பெற்ற முளைக்கோதுமைக் களி. கோதுமையைச் சில நாட்கள் நனைத்துப் பரப்பி முளைக்க விடுவார்கள். வெண்மையான வேரும் முளையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள வேண்டும், பச்சை நிறம் ஏறிவிடக் கூடாது. பச்சை ஏறினால் களி கைத்துப் போகும். முளையை இடித்துப் பிழிந்து, சாற்றில் மாவைக் கரைத்துப் பெரிய தாச்சியில் ஊற்றி, இரவு முழுவதும் கிளறுவார்கள். சில இடங்களில் ஒரு நாள் முழுதும் ஆகும். உஸ்பெக் பெண்கள் அடிப்பிடிக்காமல் இருப்பதற்காகத் தாச்சியின் அடியில் கழுவிய கூழாங்கற்களைப் போடுவார்கள். யாருடைய கோப்பையில் கல் வருகிறதோ அவர்களுடைய நாட்டம் நிறைவேறும் என்பது நம்பிக்கை.

இந்தக் களியில் ஒரு கரண்டிச் சீனிகூடக் கிடையாது. ஆனாலும் இனிக்கும். முளைக்கும் தானியத்தில் சுரக்கும் அமைலேசு என்ற நொதியம் மாப்பொருளை மோல்ற்றோசு என்ற வெல்லமாக மாற்றிவிடுகிறது. எடுத்த எடுப்பிலேயே கொதிக்க விட்டால் நொதியம் செத்துவிடும், இனிப்பு வராது. மெதுவாகச் சூடேற வேண்டும். நொதியம் என்ற சொல்லே உலகில் இல்லாத காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள் இதைக் கையால் அறிந்து, மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நெல்லிக்காய் தின்ற வாயில் தண்ணீர் இனிப்பதை அறிந்துவைத்திருந்த நமது உம்மும்மாமார்களைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வசந்தத்தோடு முளைக்கும் சம்பந்தம் பழையது. கி.பி. 1000 அளவில் எழுதிய அல்பிரூனி, நவ்ரூஸில் ஒரு தட்டைச் சுற்றி ஏழு வகைத் தானியங்களை விதைத்து, அவை வளரும் விதத்தை வைத்து அந்த வருட விளைச்சல் எப்படி இருக்கும் என்று பார்க்கும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். அந்த நாளில் ஒருவருக்கொருவர் சீனி கொடுத்துக்கொள்வதையும், கரும்பு அந்த நாளில்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்ற கதையையும் அவர் சொல்கிறார். முஸ்லிம் அறிஞர் ஒருவர் தம் மண்ணின் பழைய வழக்கத்தை மறைக்காமலும் இகழாமலும் ஓர் ஆய்வாளனின் நிதானத்தோடு எழுதி வைத்திருக்கிறார். அந்த நிதானம் நமக்கும் வேண்டும்.

இந்தக் களி முஸ்லிம் வீட்டுக்குள் எப்படி வந்து அமர்ந்தது? கதையின் வழியாக வந்தது. ஈரானில் ஸமனூ பல வீடுகளில் பாத்திமா (ரழி) அவர்களின் பெயரால் நேர்ச்சையாகச் சமைக்கப்படுகிறது. நாம் நார்சா என்கிறோமே, அதுபோலத்தான் அக்கம்பக்கத்துக்குப் பங்கிடுகிறார்கள். மத்திய ஆசியாவில் வேறொரு கதை. பசியால் அழும் பிள்ளைகளை ஏமாற்ற, ஒரு தாய் தண்ணீரில் கற்களைப் போட்டு அடுப்பில் வைக்கிறாள். பிள்ளைகளோடு அவளும் தூங்கிப் போகிறாள். விடியற்காலையில் பார்த்தால் பானை நிறைய இனிப்புக் களி. முப்பது மலக்குகள் இறங்கிக் கிளறிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாரசீகத்தில் ‘ஸீ’ என்றால் முப்பது. ஸீ மலக், சுமலக் என்றானதாம்.

சொல்லாராய்ச்சி இதை ஒத்துக்கொள்ளாது. ஸமனூ, ஸமனக் என்ற வடிவங்களில் லகரமே இல்லை. லகரம் இல்லாமல் மலக்கு எப்படி வருவார்? சொல் முதலில் இருந்தது, மலக்குகள் பின்னால் வந்து சேர்ந்தார்கள். ஆனால் வரலாற்று மாணவிக்கு இந்தப் பொருத்தமில்லாத விளக்கம்தான் பெரிய சான்று. ஒரு சமூகம் தன் பழைய பானையைக் கைவிட மனமில்லாமல், புதிய மார்க்கத்தின் வார்த்தையை அதற்குச் சூட்டியிருக்கிறது.

அந்தக் கதையைக் கேட்டதும் நம்மில் பலருக்கு உமர் (ரழி) ஞாபகத்துக்கு வந்திருப்பார்கள். இரவு ரோந்தில் மதீனாவுக்கு வெளியே ஒரு பெண், அழும் பிள்ளைகளை அமர்த்துவதற்காக வெறும் தண்ணீரை அடுப்பில் வைத்திருந்ததைக் கண்டு, மா மூட்டையைத் தன் முதுகிலேயே சுமந்து வந்து, அடுப்பை ஊதிச் சமைத்துக் கொடுத்த கலீபாவின் சம்பவம். நம்மூரில் அதைச் சொல்லும்போது பானைக்குள் கல்லும் சேர்ந்துகொள்ளும். மதீனாவின் கதையில் பானையை நிரப்புவது பொறுப்புணர்ந்த ஓர் ஆட்சியாளன். சமர்க்கந்தின் கதையில் நிரப்புவது மலக்குகள். இரண்டிலும் மையத்தில் இருப்பது பசித்த பிள்ளையும் ஒரு தாயின் அடுப்பும்தான்.

இனி மார்க்க அறிஞர்களின் பக்கம் வருவோம். அனஸ் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ளவர்கள் இரண்டு நாட்களில் விளையாடிக் களித்தார்கள். அவற்றுக்குப் பகரமாக அவற்றைவிடச் சிறந்த இரு பெருநாட்களை அல்லாஹ் தந்திருக்கிறான் என்று நபியவர்கள் அறிவித்தார்கள். அந்தப் பழைய இரு நாட்கள் நைரூஸும் மிஹ்ரஜானும் என்று விளக்கவுரையாளர்கள் எழுதுகிறார்கள். ஆகவே பெருநாள் விடயத்தில் நம் மார்க்கம் தெளிவான எல்லை போட்டிருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பண்பாடு பேசுவது நேர்மையாகாது.

தட்டைப் பற்றி ஸஹாபாக்கள் என்ன செய்தார்கள் என்பதையும் அதே நேர்மையோடு பார்க்க வேண்டும். இப்னு அபீ ஷைபாவின் ‘முஸன்னப்’பில் இரண்டு செய்திகள் உள்ளன. மஜூஸிகளிடமிருந்து பெருநாள் அன்பளிப்பு வருகிறதே என்று ஒரு பெண் ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்டார். அந்த நாளுக்கென்று அறுக்கப்பட்டதை உண்ண வேண்டாம், அவர்களுடைய மரங்களில் விளைந்ததை உண்ணுங்கள் என்ற கருத்தில் அன்னை பதில் கூறினார்கள். அபூ பர்ஸா (ரழி) அவர்களுக்கும் நைரூஸிலும் மிஹ்ரஜானிலும் மஜூஸி அயலவர்களிடமிருந்து தட்டு வரும். பழத்தைச் சாப்பிடுங்கள், மற்றதைத் திருப்பிக் கொடுங்கள் என்று வீட்டாரிடம் சொல்வார்கள்.

அந்நியர் பெருநாட்களில் பங்குபற்றுவதைக் கடுமையாகக் கண்டித்து எழுதிய இப்னு தைமிய்யாவும் (இறப்பு 1328) தமது ‘இக்திளா’ நூலில் இந்தச் செய்திகளை எடுத்துக்காட்டி, அவர்களுடைய பெருநாளில் அன்பளிப்பைப் பெறுவதைத் தடுக்கவில்லை. அறுக்கப்பட்டதைத்தான் விலக்கினார். கொண்டாட்டத்தில் கலப்பது வேறு, அயலவனின் தட்டை வாங்குவது வேறு என்று அவர் பிரித்துப் பார்த்தார். இன்று அவருடைய பெயரைச் சொல்லி அயலவரின் தட்டையே திருப்பி அனுப்புகிறவர்கள் இந்தப் பகுதியையும் ஒருக்கா வாசித்துப் பார்ப்பது நல்லது.

இமாம் கஸ்ஸாலி தாமே பாரசீகர், தூஸ் நகரத்தவர். தாய்மொழியில் எழுதிய ‘கீமியாயெ ஸஆதத்’ நூலில், நவ்ரூஸுக்கென்று கடைவீதியை அலங்கரிப்பதையும் விளையாட்டுப் பொருட்கள் விற்பதையும் கண்டிக்கிறார். அந்த நாளின் பெயரே மறைந்துபோக வேண்டும் என்பது அவர் கருத்து. அவ்வளவு பெரிய இமாம், அந்த மக்களின் சொந்த மொழியிலேயே சொல்லியும் தாச்சி அடுப்பிலிருந்து இறங்கவில்லை.

மார்க்கத்தோடு வரியும் இதில் கலந்திருந்தது. நவ்ரூஸ் நிலவரி வசூலிக்கத் தொடங்கும் நாளாகவும் இருந்தது. ஆட்சியாளர்கள் நவ்ரூஸ் அன்பளிப்பு என்ற பெயரில் குடிமக்களிடம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ஆட்சி 717–720) அந்த அன்பளிப்புகளை நிறுத்தினார். பழைய பாரசீக ஆண்டுக்குச் சரியாக 365 நாட்கள். நாலு வருடத்துக்கு ஒரு நாள் வீதம் பெருநாள் முன்னோக்கி நகர்ந்து, பயிர் பச்சையாக நிற்கும்போதே வரி கேட்கும் நிலை வந்தது. வேட்டைக்குப் போன அப்பாஸிய கலீபா முதவக்கில் விளையாத வயலைக் கண்டு கேள்வி கேட்டார் என்று அல்பிரூனி எழுதுகிறார். கடைசியில் கலீபா முஃததித் 895இல் வரிக்கான நவ்ரூஸை ஜூன் 11க்குத் தள்ளிவைத்தார். பின்னர் 1079இல் ஸல்ஜூக் சுல்தான் மலிக்ஷாவின் காலத்தில், உமர் கையாமும் இடம்பெற்ற அறிஞர் குழு நவ்ரூஸை வசந்த நாளிலேயே நிலைநிறுத்தியது. பெருநாளின் தேதியை ஆண்கள் கணக்குப் பார்த்து முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். முளை கட்டும் பெண்களுக்கோ, கோதுமை முளைக்கும் காலம் எப்போதென்று கலீபாவின் கட்டளை இல்லாமலே தெரியும்.

இந்தியாவில் அக்பர் நவ்ரூஸை அரசவைப் பெருநாளாக்கினார். ஒளரங்கசீப் ஆட்சிக்கு வந்த ஆரம்பத்திலேயே அதை நிறுத்தினார். அது அரண்மனையோடு வந்தது, அரண்மனையோடு போனது. மத்திய ஆசியாவில் அப்படி நடக்கவில்லை. அங்கே அது அடுப்பங்கரையில் இருந்தது.

இதற்கு இருபதாம் நூற்றாண்டே சாட்சி. சோவியத் உஸ்பெகிஸ்தானில் 1980களின் நடுப்பகுதியில் நவ்ரூஸை இஸ்லாமிய மதப் பழக்கத்தின் எச்சம் என்று சொல்லி ஒடுக்கினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மக்கள் அதை மீண்டும் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். பக்கத்து நாடான ஆப்கானிஸ்தானில் 1996இல் காபூலைக் கைப்பற்றிய தாலிபான்கள், அதே நவ்ரூஸை இஸ்லாத்துக்கு விரோதமான பழக்கம் என்று சொல்லித் தடுத்தார்கள். இடைவெளி பத்துப் பன்னிரண்டு வருடம்தான், நடுவில் ஆமு நதி. நதிக்கு வடக்கே அது இஸ்லாம் என்பதால் குற்றம், தெற்கே இஸ்லாம் அல்ல என்பதால் குற்றம். தடுத்த இரு தரப்பாரும் பானைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கே கோதுமையும் தண்ணீரும் சில கூழாங்கற்களும்தான் இருந்திருக்கும்.

இதை நான் இங்கே எழுதக் காரணம் உண்டு. சூரியன் மேட ராசிக்குள் நுழையும் ஏப்ரல் மாதத்தில் எங்கட நாட்டிலும் தட்டுகள் நடமாடும். கொக்கிஸ், கெவும், பலகாரம், பாற்சோறு என்று சிங்கள, தமிழ் அயலவர் வீடுகளிலிருந்து வரும். நோன்புப் பெருநாளைக்கு நமது வட்டிலப்பம் அங்கே போகும். நான் படிப்பித்த பாடசாலைகளில் ஆசிரியர் ஓய்வறை மேசையில் இதை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். கொக்கிஸ் என்ற பெயரே ஒல்லாந்தரின் ‘கூக்யெஸ்’ஸிலிருந்து வந்தது என்பார்கள். புத்தாண்டுத் தட்டின் நடுவில் இருக்கும் பண்டத்தின் பெயர் கடல் கடந்து வந்த ஒரு கிறிஸ்தவ தேசத்தின் பெயர்! சமையலில் தூய வம்சம் தேடினால் யாருடைய தட்டிலும் ஒன்றும் மிஞ்சாது.

கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் இந்தத் தட்டுகள் குறைந்து வருகின்றன. ஹலால் சர்ச்சை ஒரு பக்கம், 2019க்குப் பிறகு வந்த சந்தேகம் இன்னொரு பக்கம். நம் பக்கத்திலும் ‘வாங்கக் கூடாதாம்’ என்று காரணம் தெரியாமலே சொல்லும் இளம் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். தெய்வத்துக்குப் படைத்தது, அந்த நாளுக்கென அறுத்தது என்றால் விலக வேண்டும். அதில் பேச்சில்லை. ஆனால் அதை அறிய, ஆயிஷா (ரழி) அவர்களும் அபூ பர்ஸா (ரழி) அவர்களும் செய்ததுபோல் முதலில் தட்டை வாங்கி, அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழத்தை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்த அபூ பர்ஸா (ரழி) அவர்களுக்கு, அடுத்த நைரூஸிலும் தட்டு வந்திருக்கிறது. செய்தியின் வாசகமே இது வழமையாக நடந்ததென்று காட்டுகிறது. எல்லையும் இருந்தது, உறவும் இருந்தது.

இன்னொரு கவலையும் எனக்குண்டு. அல்பிரூனி ஏழு தானியத்தை எழுதி வைத்திருக்காவிட்டால், அந்தப் பழைய தட்டைப் பற்றி நாம் இன்று இவ்வளவு பேச முடியாது. எங்கட ஊர்களில் மௌலிதுக்கும் கந்தூரிக்கும் நார்சாவுக்கும் என்னென்ன சமைத்தார்கள், எந்தப் பருவத்தில் எந்த அரிசி, எந்தச் சட்டியில், யார் கிளறினார்கள், கிளறும்போது எதை ஓதினார்கள் என்பதை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? அவற்றில் எது ஆகும், எது ஆகாது என்று உலமாக்கள் சொல்லட்டும். தீர்ப்புக்கு முன்னால் பதிவு வேண்டும். எழுபது எண்பது வயதில் இருக்கும் உம்மாமார்கள் இன்னும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுபோய் உட்காருவதற்குப் பட்டம் ஒன்றும் தேவையில்லை. அளவு கேட்டால் ‘கைப்பதம்தான் மகள்’ என்பார்கள். அந்தக் கைப்பதத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.